பத்து மாடும் இரண்டு பாட்டும்

1

ஜேமி டெல்ஃபர் என்று ஒருத்தன். ஸ்காட்லாந்தின் தென்கோடியில், இங்கிலாந்து எல்லையிலிருந்து ரொம்ப தூரமில்லாத டாட்ஹெட் என்ற இடத்தில் குடியானவன். சொத்து என்று சொல்ல அவனிடம் இருப்பது பத்துக் கறவை மாடு. நவம்பர் மாதம், மார்ட்டின்மாஸ் பண்டிகையை ஒட்டிய ஓர் இரவில், எல்லைக்கு அந்தப் பக்கத்து பியூகாசில் கோட்டையின் தலைவன் ஆட்களோடு வந்து வீட்டைச் சூறையாடுகிறான். பத்து மாட்டையும் ஓட்டிக்கொண்டு போகிறான். ஜேமி கண்ணீர்விட்டுக் கெஞ்சுகிறான். தலைவன் சிரிக்கிறான். அவ்வளவுதான் ஆரம்பம்.

பிறகு ஜேமி ஓடுகிறான். நிலா மறைந்துவிட்டது, சூரியன் இன்னும் வரவில்லை, தரையில் புதுப்பனி லேசாகத் தூவிக் கிடக்கிறது. அதில் பத்து மைல் கால்நடையாக ஓடி ஒரு பெரிய வீட்டின் கதவைத் தட்டுகிறான். உள்ளிருந்து யார் என்று கேட்கிறார்கள். தன் பெயர், ஊர், தான் கொள்ளை போனவன் என்ற சேதி, வீட்டில் மிஞ்சியிருப்பது அழுகிற மனைவியும் மூன்று குழந்தைகளும்தான் என்ற விவரம் எல்லாவற்றையும் சொல்கிறான். வீட்டுக்காரர் பதில் சொல்கிறார்: நீ யாருக்குக் காவல்பணம் கட்டினாயோ அவரிடம் போ, எனக்கு நீ காசு கட்டியதே இல்லை. கதவு சாத்தப்படுகிறது. ஜேமி அடுத்த வீட்டுக்கு ஓடுகிறான்.

ஆங்கிலம், ஸ்காட்ஸ் இரண்டும் கலந்து புழங்கும் அந்த எல்லைப்புறத்தில் தோன்றிய கதைப்பாடல்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். போரைப் பற்றிய பாட்டு என்று சொல்லிவிட்டு, பாட்டில் நெடுநேரம் ஒருத்தன் கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு கதவிலும் அதே கேள்வி, அதே பதில், அதே சொற்கள். கேட்கிறவனுக்கு மனப்பாடமாகிவிடுகிறது. கடைசிக் கதவு திறந்து, கூப்பிடுங்கள் நம் ஆட்களை என்று ஒரு குரல் வரும்போது நமக்கே மூச்சு வருகிறது. அலங்காரம் எதுவும் இல்லை, உவமைகூட அநேகமாக இல்லை. பனியும் கதவும் போதும்.

ஆனா ஒரு சிக்கல் இருக்கு. எந்தக் கதவு சாத்தியது, எந்தக் கதவு திறந்தது என்பதில் இந்தப் பாட்டுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. வால்டர் ஸ்காட் 1802இல் அச்சிட்ட வடிவத்தில் கதவைச் சாத்துபவர் எலியட் குடும்பத்தின் தலைவர்களில் ஒருவரான கில்பர்ட் எலியட். திறப்பவர் ஸ்காட் குடும்பத்தின் தலைவரான பக்லூ. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக் கையெழுத்துப் படி ஒன்றில் இது அப்படியே தலைகீழ். பக்லூ கதவைச் சாத்துகிறார், மார்ட்டின் எலியட் என்பவர் திறக்கிறார். கட்டணப் பேச்சு மட்டும் அதேதான், வாய்தான் மாறியிருக்கிறது.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு கதவுகளைப் பற்றியது.

2

பாட்டுக்குப் பின்னால் இருக்கும் நிலத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான எல்லை 1237இல் யார்க் ஒப்பந்தத்தில் கிட்டத்தட்ட இன்றைய வடிவத்தில் வரையப்பட்டது. 1249இல் இரு நாட்டிலிருந்தும் பன்னிரண்டு பன்னிரண்டு வீரப்பிரபுக்கள் கூடி, எல்லை தாண்டிய குற்றங்களுக்கான வழக்கங்களை எழுதி வைத்தார்கள். அதாவது பெரிய போர் வருவதற்கு முன்பே, எல்லைக்கென்று தனிச் சட்டம் தேவைப்பட்டிருக்கிறது. பெரிய போர் 1296இல் வந்தது. முதலாம் எட்வர்ட் பெரிக் நகரைப் பிடித்து மக்களைக் கொன்று குவித்தான். 1314இல் பானக்பர்னில் வென்றபின் ராபர்ட் புரூஸின் ஆட்கள் வருஷா வருஷம் வட இங்கிலாந்துக்குள் புகுந்தார்கள். டர்ஹம் போன்ற பகுதிகள் பணம் கொடுத்துப் போர்நிறுத்தம் வாங்கவேண்டி வந்தது. 1388இல் ஆட்டர்பர்ன், 1402இல் ஹோமில்டன் குன்று, 1513இல் ஸ்காட்லாந்து மன்னன் நான்காம் ஜேம்ஸே களத்தில் விழுந்த ஃபிளாடன், 1542இல் சால்வே சதுப்பு, 1547இல் பிங்கி. பெரிக் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் பலமுறை மாறி, 1482இல் கடைசியாக இங்கிலாந்திடம் தங்கியது.

இப்படி முந்நூறு வருஷம் படைகள் நடந்துபோகிற பாதையில் நீங்கள் குடியிருந்தால் என்ன விதைப்பீர்கள்? விதைத்த ஓட்ஸை அறுக்க முடியுமா என்பதே நிச்சயமில்லை. மாடு என்றால் நடக்கும். ஒளித்து வைக்கலாம், ஓட்டிக்கொண்டு ஓடலாம். அடுத்தவனுடையதையும் ஓட்டி வரலாம். டைன்டேல் போன்ற பள்ளத்தாக்குகளில் தகப்பன் நிலத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்குபோடும் வழக்கம் வேறு. ஒரு தலைமுறை போனால் ஒருத்தன் கையில் இருக்கும் துண்டு வயிற்றுக்குப் போதாது. ஏழைகள் மண்ணும் புல்தரைக் கட்டியும் வைத்துச் சில மணி நேரத்தில் கட்டிவிடக்கூடிய குடிசைகளில் இருந்தார்கள். எரித்தாலும் பெரிய நஷ்டமில்லை. கொஞ்சம் வசதியுள்ளவர்கள் கீழே மாடு, மேலே மனிதர் என்று தடித்த சுவரோடு கல்வீடு கட்டினார்கள். இன்னும் பெரியவர்கள் கோபுரம் எழுப்பினார்கள்.

ஆநிரை கவர்வது இங்கே போரின் முன்னுரை அல்ல, அதுவே வாழ்க்கை. ஆர்ம்ஸ்ட்ராங், எலியட், ஸ்காட், கெர், நிக்ஸன், மேக்ஸ்வெல், ஜான்ஸ்டன் என்று எல்லையின் வடக்கே. சார்ல்டன், ராப்ஸன், டாட், மில்பர்ன், ஃபார்ஸ்டர் என்று தெற்கே. இரு பக்கமும் கால் வைத்த கிரஹாம்கள். நாடு இரண்டாவது, குடும்பப் பெயர்தான் முதலாவது. இவர்களுக்கு ரீவர்கள் என்று பெயர். பிளாக்மெயில் என்று இன்று உலகமே சொல்கிற சொல் இந்த நிலத்திலிருந்து வந்தது. 'மெயில்' என்றால் வாடகை, வரி. உன் மாட்டை நான் திருடாமலிருக்கவும், பிறர் திருடினால் மீட்டுத் தரவும் நீ எனக்குக் கட்டுவது. ஜேமியிடம் கேட்கப்படும் கேள்வி இதுதான்: யாருக்குக் கட்டினாய்?

அரசுகள் சும்மா இருக்கவில்லை. எல்லையின் இரு பக்கமும் மூன்று மூன்று மண்டலம், ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்டன். வழக்குத் தீர்க்கப் போர்நிறுத்த நாட்கள். கொள்ளை போனவன் ஆறு நாளுக்குள் ஈட்டி முனையில் எரியும் புல்கட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லை தாண்டித் துரத்தினால் அது சட்டப்படி சரி. எஸ்க் ஆற்றுக்கும் சார்க் ஆற்றுக்கும் நடுவில் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத 'வழக்கு நிலம்' ஒன்று இருந்தது. 1552இல் பிரெஞ்சுத் தூதர் நடுவராக இருந்து அதைப் பங்குபோட்டு நடுவே மண்மேடு எழுப்பினார்கள். அந்த மேட்டின் மிச்சம் இப்போதும் இருக்கிறது. ஆனால் வார்டன்களில் பலர் உள்ளூர்க் குடும்பத் தலைவர்கள். போலீஸும் திருடனும் ஒரே வீட்டில். ஜேமியின் மாட்டை ஓட்டிப்போன பியூகாசில் தலைவனை எடுத்துக்கொள்ளுங்கள்: அது இங்கிலாந்து அரசின் பதவி.

3

இப்போது வால்டர் ஸ்காட். நாவலாசிரியர் ஆவதற்கு முன்னால் அவர் ஒரு வழக்கறிஞர், பாட்டு சேகரிப்பவர். 1792 தொடங்கி ஏழு வருஷம், வருஷத்துக்கு ஒருமுறை, ராபர்ட் ஷார்ட்ரீட் என்ற நண்பரோடு லிட்ஸ்டேல் பள்ளத்தாக்குக்குள் குதிரையில் போனார். அந்தப் பயணங்களுக்கு அவர் விளையாட்டாக வைத்த பெயரே 'கொள்ளைப் பயணம்'. 1799இல் செல்கிர்க் மாவட்டத்துக்கு ஷெரிஃப் ஆனார். 1802இல் கெல்ஸோ என்ற சிற்றூரில் ஜேம்ஸ் பாலன்டைனின் அச்சகத்தில் 'மின்ஸ்ட்ரல்சி ஆஃப் தி ஸ்காட்டிஷ் பார்டர்' இரண்டு தொகுதிகள் வெளிவந்தன. அடுத்த வருஷம் மூன்றாவது.

இந்த நூலைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. எல்லைப்புறத்தின் கதைப்பாடல்கள் உலகத்துக்குக் கிடைத்ததே இதன் வழியாகத்தான். குறிப்புகளும் முன்னுரையும் இன்று படித்தாலும் சுவையாக இருக்கின்றன. ஒரு பாட்டுக்கு இரண்டு பக்கம் என்றால் அதற்கான குறிப்புக்கு நாலு பக்கம். ஷெரிஃப் வேலை பார்த்த மனிதர் ஆதலால் குற்றத்தின் நடைமுறை அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் சில விஷயங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். நூல் யாருக்குக் காணிக்கை? பக்லூ கோமகன் ஹென்றிக்கு. ஷெரிஃப் பதவி கிடைத்ததில் யாருடைய செல்வாக்கு இருந்தது? அதே பக்லூ குடும்பத்தின் செல்வாக்கு. ஜேமி டெல்ஃபருக்குக் கதவு திறந்தவர் யார்? பக்லூ. அந்தச் சண்டையில் முன்னால் நின்று, இளைஞன் வில்லி ஸ்காட் வெட்டுப்பட்டு விழுந்ததைப் பார்த்து அழுகிற கிழவீரன் ஹார்டன் வாட் யார்? வால்டர் ஸ்காட்டின் சொந்த மூதாதை.

ஓஹோ, மாட்டிக்கொண்டார் என்று தோன்றும். 1906இல் அப்படித் தோன்றி ஒரு நூலே எழுதியவர் உண்டு. எல்லைக் கதைப்பாடல்களின் நம்பகத்தன்மை பற்றிய அந்த நூலில், ஸ்காட் எலியட்களின் பாட்டை எடுத்துத் தன் குடும்பத்துக்குத் திருப்பிவிட்டார் என்ற வாதம் வைக்கப்பட்டது. எழுதியவர் பெயர் ஃபிட்ஸ்வில்லியம் எலியட்! 1910இல் ஆண்ட்ரூ லாங் இதற்குப் பதில் நூல் எழுதினார். அவர் பிறந்தது செல்கிர்க்கில், ஸ்காட் ஷெரிஃபாக இருந்த அதே ஊரில். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் போன பத்து மாட்டுக்கு, இருபதாம் நூற்றாண்டில் அச்சு எந்திரம் வைத்து எல்லைத் தகராறு. படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் இரண்டு பேருமே ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: எந்தப் பெரிய வீடு நல்ல வீடு? டாட்ஹெட்டில் அழுதுகொண்டிருந்த அந்தப் பெண்ணைப் பற்றி யாருக்கும் கேள்வி இல்லை.

4

ஸ்காட்டின் கை எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்பதற்கு இன்னொரு பாட்டு இருக்கிறது. 'கின்மாண்ட் வில்லி'.

நடந்தது பதிவேடுகளில் தெளிவாக உள்ளது. 1596 மார்ச் 17, போர்நிறுத்த நாள். வழக்கு முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த வில்லி ஆர்ம்ஸ்ட்ராங்கை ஆங்கிலேயர்கள் துரத்திப் பிடித்து கார்லைல் கோட்டையில் அடைத்தார்கள். போர்நிறுத்த நாளில் யாரையும் தொடக்கூடாது என்பதுதான் எல்லைச் சட்டத்தின் ஆதார விதி. அதை மீறியது பெரிய குற்றம். ஸ்காட்லாந்து பக்கம் லிட்ஸ்டேலுக்குப் பொறுப்பாக இருந்த பக்லூ, விடச் சொல்லிக் கேட்டார். வார்டன் ஸ்க்ரோப் பிரபு விடவில்லை. ஏப்ரல் 13 இரவு, சின்னப் படையோடு பக்லூ கோட்டைக்குள் புகுந்து வில்லியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எலிசபெத் அரசி கொதித்துப் போனாள்.

பாட்டாக இது அற்புதம். மழை, வெள்ளம் பெருகிய ஈடன் ஆறு, ஏணி, கால்விலங்கோடு தோளில் உட்கார்ந்து வருகிற கைதி குதிரையைக் கேலி செய்வது, அக்கரையில் நின்று திகைக்கிற ஸ்க்ரோப். எல்லைப் பாட்டுகளிலேயே மிக நன்றாகக் கட்டப்பட்டது இதுதான். சிக்கலும் அங்கேதான். இவ்வளவு நன்றாகக் கட்டப்பட்டிருப்பதே சந்தேகத்தைக் கிளப்புகிறது. தனக்குக் கிடைத்த பாட்டு சொல்வோர் வாயில் சிதைந்திருந்ததாகவும், புரியும்படி செய்யத் தான் ஊகத்தால் சில திருத்தங்கள் செய்ய நேர்ந்ததாகவும் ஸ்காட்டே எழுதியிருக்கிறார். 'சில' என்பது எத்தனை? இந்தப் பாட்டின் பெரும்பகுதி ஸ்காட்டினுடையதே என்று நினைக்கிற அறிஞர்கள் பலர். 1882 முதல் 1898 வரை 305 கதைப்பாடல்களைத் தொகுத்த பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் இதையும் சேர்த்துக்கொண்டார், ஆனால் அந்தச் சந்தேகத்தோடுதான்.

எனக்கு அது ஸ்காட் எழுதியது என்பதில் வருத்தமில்லை. நாட்டுப்பாட்டுக்கு ஆசிரியன் இல்லை என்பது ஒரு மூடநம்பிக்கை. யாரோ ஒருத்தர் எழுதியதுதான் எல்லாமே. எனக்கு உறுத்துவது வேறு. கோட்டைக்குள் ஆள் வைத்துத்தான் பக்லூ நுழைந்தார். எல்லைக்குத் தெற்கே இருந்த கார்ல்டன்களும் கிரஹாம்களும் உதவினார்கள் என்று ஸ்க்ரோப் தன் கடிதங்களில் குற்றம்சாட்டினார். அதாவது ஆங்கிலேயர்கள் உதவியோடு ஸ்காட்லாந்துக்காரர்கள் ஆங்கிலக் கோட்டையில் நுழைந்தார்கள். அந்த நிலத்தின் உண்மையான ருசியே இந்த விவரத்தில்தான் இருக்கிறது! தேசத்தைவிட உறவும் பழைய பகையும் பெரிது என்கிற ருசி. பாட்டில் அது இல்லை. பாட்டில் பக்லூ, இரு நாட்டுக்கும் இப்போது சமாதானம், இல்லாவிட்டால் கார்லைலைத் தரைமட்டமாக்கியிருப்பேன் என்ற தோரணையில் பேசுகிறார். அது 1596இன் எல்லைக்காரன் பேச்சு போலில்லை. நெப்போலியன் படையெடுப்பான் என்று பயந்துகொண்டு, தன்னார்வக் குதிரைப்படையில் சேர்ந்து பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த ஒரு தேசபக்தரின் பேச்சு போல இருக்கிறது. ஸ்காட் அந்தப் படையில் இருந்தவர்தான்.

வில்லி யார் என்பதும் பாட்டில் இல்லை. மாடு போனது, வீடு எரிந்தது என்று புகார் கொடுத்தவர்களின் தாள்களில் அவன் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. எத்தனையோ ஜேமி டெல்ஃபர்களை அவன் பனியில் ஓடவிட்டிருக்கிறான். ஒரு பாட்டில் கொள்ளை போனவனுக்காக அழுகிறோம், அடுத்த பாட்டில் கொள்ளையடித்தவனுக்காகக் கைதட்டுகிறோம். இரண்டிலும் பக்லூதான் கதாநாயகன். நல்ல பாட்டு நம்மை இப்படிச் செய்யவைக்கும். நானும் கைதட்டியவன்தான்.

5

1545 செப்டம்பரில் ஹெர்ட்ஃபர்ட் பிரபுவின் ஆங்கிலப் படை ஸ்காட்லாந்து எல்லைப்புறத்தை எரித்துக்கொண்டே போனது. குழந்தையான மேரி அரசியை இங்கிலாந்து இளவரசனுக்கு மணமுடிக்கச் சம்மதிக்கவில்லை என்பதற்காக நடந்த போர் அது. கெல்ஸோ, மெல்ரோஸ், டிரைபர்க், ஜெட்பர்க் மடங்கள் எரிந்தன. எரித்தவர்களே கணக்கு எழுதி வைத்தார்கள்: மடங்கள் 7, கோட்டைகளும் கோபுரங்களும் 16, சந்தை நகரங்கள் 5, கிராமங்கள் 243, ஆலைகள் 13, மருத்துவ இல்லங்கள் 3.

இருநூற்று நாற்பத்து மூன்று கிராமம். இந்தக் கணக்கைப் பாடுகிற பாட்டு ஸ்காட்டின் தொகுப்பில் இல்லை.

ஏன் இல்லை என்று யோசித்தால் ஸ்காட்டை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்த வடிவத்தின் குணமே அப்படி. கதைப்பாடலுக்கு ஒரு ஆள் வேண்டும், ஒரு இரவு வேண்டும், சொல்லச் சொல்ல நாவில் உருள ஒரு பெயர் வேண்டும். பத்து மாட்டைப் பாடலாம். 243 கிராமத்தைப் பாட முடியாது. எல்லைப்போரின் வரலாற்றைக் கதைப்பாடல்கள் வழியாக மட்டும் அறிகிறவருக்கு அது தனிமனிதத் துணிச்சல்களின் வரலாறாகவே தெரியும். அரசுகள் திட்டம்போட்டு, படிநிலை வகுத்து, பட்டியல் எழுதி எரித்த வரலாறு கண்ணில் படாது. ரீவர்கள் இல்லாமல் இந்தப் போர்கள் நடந்திருக்கும். இந்தப் போர்கள் இல்லாமல் ரீவர்கள் உருவாகியிருக்க மாட்டார்கள்.

பெண்களுக்கு ஒரு பாட்டு இருக்கிறது: 'எல்லை விதவையின் புலம்பல்'. கணவன் கொல்லப்பட, வேலைக்காரர்கள் ஓடிவிட, ஒருத்தி தனியாக உடலைத் தைத்துப் போர்த்தி, முதுகில் சுமந்துபோய்க் குழி வெட்டிப் புதைக்கிறாள். குதிரை இல்லை, ஈட்டி இல்லை, குடும்பப் பெயர்கூட இல்லை. தொகுப்பிலேயே என்னால் இரண்டாம் முறை உடனே படிக்க முடியாத பாட்டு இது ஒன்றுதான். ஆனால் ஊர் வழக்கு இதற்கும் ஒரு பெயரை ஒட்டிவிட்டது. 1530இல் ஐந்தாம் ஜேம்ஸ் எல்லைப்புறத்தை ஒடுக்க வந்தபோது, ஹெண்டர்லாந்து காக்பர்ன் என்பவரை அவர் வீட்டு வாசலிலேயே தூக்கில் போட்டான், இது அவர் மனைவியின் பாட்டு என்று. பதிவேட்டின்படி காக்பர்னுக்கு எடின்பரோவில் விசாரணை நடந்து அங்கேயே தலை வெட்டப்பட்டது. வாசலில் தூக்கும் இல்லை, தனியாகப் புதைத்தலும் இல்லை. அதனால் பாட்டு பொய்யாகிவிடுமா? பெயரைக் கழற்றிவிட்டால் பாட்டு இன்னும் உண்மையாகிறது என்பேன். அப்படிப் புதைத்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களுக்குக் கோபுரமும் இல்லை, ஊர் வழக்கும் இல்லை.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியது பாட்டே அல்லாத ஒன்று. ஜோசப் பெய்ன் தொகுத்து 1894, 1896 ஆண்டுகளில் வெளிவந்த எல்லைத் தாள்களின் இரு தொகுதிகள். வார்டன்களின் கடிதங்கள், புகார்ப் பட்டியல்கள். இன்ன தேதி, இன்னார் வந்து, இத்தனை மாடு, இத்தனை குதிரை, வீட்டுச் சாமான் இவ்வளவு மதிப்பு. சலிப்பூட்டும் எழுத்துதான். ஆனால் ஜேமி டெல்ஃபர் என்ற பெயரில் பாட்டு கூட்டி வைத்த அத்தனை பேரும் இங்கே தனித்தனியாக, அவரவர் கணக்கோடு நிற்கிறார்கள்.

சாபமும் ஒரு இலக்கியம்தான். 1525இல் கிளாஸ்கோ பேராயர் கேவின் டன்பார் ரீவர்கள்மேல் ஆயிரம் சொல்லுக்கு மேல் நீளும் ஒரு சாபம் எழுதி, தேவாலயங்களில் படிக்கச் செய்தார். தலை முதல் பாதம் வரை உறுப்பு உறுப்பாகச் சபிக்கிறார். மொழியின் வேகம் மிரட்டுகிறது. அதன் ஒரு பகுதியைப் பொறித்த பெரிய கருங்கல் ஒன்று 2001இல் கார்லைலில், கோட்டையையும் அருங்காட்சியகத்தையும் இணைக்கும் சுரங்கப்பாதையில் வைக்கப்பட்டது. தரையில் ரீவர் குடும்பப் பெயர்கள் பதிந்திருக்கின்றன. அந்த வருஷமே கால்நடைகளுக்குக் கோமாரி, 2005இல் வெள்ளம். கல்லை எடுத்துவிடுங்கள் என்று நகர மன்றத்தில் தீர்மானமே வந்து தோற்றது. எனக்குச் சாபத்தில் உறுத்துவது வேறு இடம். பேராயர் கொள்ளையர்களை மட்டும் சபிக்கவில்லை. அவர்கள் மனைவி, குழந்தைகள், வேலைக்காரர்கள், பயிர், ஆடு, மாடு, கோழி வரைக்கும் சபிக்கிறார். கொள்ளைக்காரன் வந்து அள்ளியதும் இதே பட்டியலைத்தான். திருச்சபை மிச்சத்தை அள்ளியது போலிருக்கு.

6

ஸ்காட்டின் காதல்மயக்கத்துக்கு மருந்து என்று பலரும் பரிந்துரைப்பது ஜார்ஜ் மெக்டொனால்ட் ஃபிரேசரின் 'தி ஸ்டீல் பானெட்ஸ்'. 1971இல் வந்தது. ஃபிளாஷ்மேன் நாவல்களை எழுதியவர், கார்லைலில் பிறந்தவர், இரண்டாம் உலகப்போரில் பர்மாவில் எல்லைப்புறப் படைப்பிரிவில் சிப்பாயாக இருந்தவர். இவருக்கு ரீவர்கள்மேல் மயக்கம் இல்லை. கொலை, மிரட்டல், காவல்பணம், சாட்சிகள் வாயடைப்பு எல்லாவற்றையும் ஒரு குற்றவியல் நிருபர் மாதிரி எழுதுகிறார். கின்மாண்ட் வில்லியின் மீட்பை எழுதும்போதும் உள்ளே ஆள் வைத்ததை மறைப்பதில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் முதலில் இதைப் படியுங்கள் என்றுதான் நானும் சொல்வேன்.

ஆனால் நூல் தொடங்குகிற இடம் ஒரு புகைப்படம் போன்ற காட்சி. 1969இல் அமெரிக்க அதிபர் பதவியேற்பில் ரிச்சர்ட் நிக்ஸன், லிண்டன் ஜான்சன், பில்லி கிரஹாம் மூவரும் ஒன்றாக. மூன்றும் எல்லைப் பெயர்கள், முகங்களும் எல்லை முகங்கள் என்கிறார். சுவாரஸ்யமான தொடக்கம், ஆனால் ஆபத்தான தொடக்கம். ஸ்காட் பெயரைப் புகழாக்கினார். ஃபிரேசர் பெயரை ரத்தமாக்கிவிட்டார். 1972இல் நிலவில் நடந்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங் லாங்ஹம் ஊருக்கு வந்து கௌரவக் குடிமகனானார். மக்கள் மகிழ்ந்ததில் தவறில்லை. ஆனால் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு வரலாற்றுக்குள் போகிறவர் எப்போதும் கோபுரத்துக்குத்தான் போய்ச் சேர்கிறார். ஜேமி டெல்ஃபரின் வம்சம் என்று சொல்லிக்கொண்டு யாரும் கோப்பையும் கழுத்துக்குட்டையும் வாங்குவதில்லை.

கதை முடிந்த விதத்தையும் பார்க்க வேண்டும். 1603 மார்ச் 24 அன்று எலிசபெத் இறந்தாள். எல்லையில் வார்டனாக இருந்த ராபர்ட் கேரி குதிரையேறி, வழியில் விழுந்து அடிபட்டும், 26ஆம் தேதி இரவு எடின்பரோ போய் ஆறாம் ஜேம்ஸிடம் சேதி சொன்னார். இரண்டு நாட்டுக்கும் ஒரே மன்னன். அந்த இடைவெளியில் கிரஹாம்களும் மற்றவர்களும் சட்டம் செத்துவிட்டது என்று நினைத்து ஒரு வாரம் வெறித்தனமாகக் கொள்ளையடித்தார்கள். ஜேம்ஸ் எல்லைப்புறத்துக்கு 'நடு மாவட்டங்கள்' என்று பெயர் மாற்றி, தூக்குக் கயிற்றோடு ஒழுங்குபடுத்தினான். கிரஹாம்களைக் கட்டாயமாகப் படைவேலைக்குக் கடல்தாண்டியும், அயர்லாந்தின் ராஸ்காமனுக்குக் குடும்பத்தோடும் அனுப்பினார்கள். கார்லைல் கோட்டையில் புகுந்த பக்லூவுக்கு என்ன ஆயிற்று? 1606இல் பிரபு பட்டம். 1619இல் அவர் மகனுக்கு அதைவிடப் பெரிய ஏர்ல் பட்டம். அந்த வரிசையில் வந்த கோமகனுக்குத்தான் 1802இல் நூல் காணிக்கை. ஒரே தொழிலைச் செய்தவர்களில் சிலர் நாடுகடத்தப்பட்டார்கள், சிலர் பாடப்பட்டார்கள்.

7

ஸ்காட் நூலைப் பற்றிச் சொல்லப்பட்ட மிகச் சிறந்த விமரிசனம் எழுதப்பட்டதல்ல, முகத்துக்கு நேரே சொல்லப்பட்டது. சொன்னவர் மார்கரெட் லெய்ட்லா என்ற எட்ரிக் பள்ளத்தாக்குப் பெண், எழுத்தாளர் ஜேம்ஸ் ஹாக்கின் தாய். ஸ்காட்டுக்குப் பாட்டு கொடுத்தவர்களில் ஒருவர். அந்தச் சந்திப்பை ஹாக் 1834இல் எழுதினார். அந்தப் பாட்டுகள் பாடுவதற்கு உண்டானவை, படிப்பதற்கு அல்ல. நீங்கள் அச்சில் போட்டுக் கெடுத்துவிட்டீர்கள், இனி யாரும் பாடமாட்டார்கள் என்று அந்த அம்மா சொன்னாராம். அதோடு, எழுத்தும் சரியில்லை, வைப்பும் சரியில்லை என்றாராம். ஸ்காட்டின் முதல் பதிப்பில் மெட்டுகூட இல்லை, வெறும் சொற்கள்தான்.

பல வருஷம் இதை நான் ஒரு கிராமத்து மூதாட்டியின் செல்லக் கோபமாகத்தான் எடுத்துக்கொண்டேன். இரண்டு ஜேமி டெல்ஃபர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபிறகு அது கறாரான இலக்கியக் கருத்து என்று புரிந்தது. பாடப்பட்ட காலத்தில் இரண்டு வடிவமும் ஒன்றோடொன்று சண்டை போடவில்லை. எலியட் வீட்டில் பாடினால் எலியட் கதவு திறக்கும். பக்லூ பக்கத்து ஊரில் பாடினால் பக்லூ கதவு திறக்கும். பாடுகிறவனுக்கும் சாப்பாடு வேண்டுமே. கேட்கிறவர்களுக்கும் அது தெரியும். அந்த இடத்தில் பெயர் என்பது வெறும் காலியிடம். அச்சில் ஏறியபோது ஒன்று உண்மை, மற்றது திருட்டு என்றாயிற்று. 1906இன் சண்டைக்கு அதுதான் விதை.

அப்படியென்றால் இந்தப் பாட்டில் வரலாறாக எதை நம்புவது? மாறுகிற இடத்தை விட்டுவிட்டு மாறாத இடத்தைப் பாருங்கள் என்பதுதான் என் பதில். கதவு திறந்தவர் பெயர் மாறுகிறது. நீ யாருக்குக் காசு கட்டினாய் என்ற கேள்வி மாறவில்லை. எந்தக் குடும்பத்துப் பாடகனும் அதை எடுத்துவிடவோ மறைக்கவோ நினைக்கவில்லை, ஏனென்றால் அது யாருக்கும் அவமானமாகவே தோன்றவில்லை. கொள்ளை போனவன் வாசலில் நிற்கும்போது முதலில் கேட்க வேண்டியது அதுதான் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எல்லைப்போரைப் பற்றி எந்த ஆவணமும் இவ்வளவு சுருக்கமாக எனக்குச் சொன்னதில்லை.

ஸ்காட்டின் வடிவத்தில் பாட்டு நல்லபடியாக முடிகிறது. சண்டையில் பியூகாசில் தலைவன் படுகாயம் அடைகிறான். வென்றவர்கள் ஜேமியின் மாட்டோடு நிற்கவில்லை. ஒருத்தன் தூண்டிவிட, ஸ்டேன்கர்த்சைடில் இருந்த தலைவனின் வீட்டுக்கே போய், கதவை உடைத்து, அங்கிருந்த மாட்டையும் ஓட்டி வருகிறார்கள். பத்து மாட்டைத் தொலைத்த ஜேமிக்கு முப்பத்து மூன்று கிடைக்கிறது. ஜேமி காசு கொடுக்கிறான்.

அந்த இருபத்து மூன்று மாட்டில் எத்தனை மாடு தலைவனுடையது, எத்தனை மாடு வேறு யாரிடமிருந்தோ அவன் ஓட்டி வந்தது என்று பாட்டு சொல்லவில்லை. அவற்றைத் தேடி எல்லைக்கு அந்தப் பக்கம் யாராவது அன்றிரவு பனியில் ஓடியிருக்கலாம்.

அவனும் ஏதோ ஒரு கதவைத் தட்டியிருப்பான். உள்ளேயிருந்து கேட்டிருப்பார்கள், நீ யாருக்குக் கட்டினாய் என்று.